உப்பளத்து வெயிலும் எலுமிச்சைச் சாறும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாசி மாதம், இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. ஓ.பி. சீட்டில் "கை அரிப்பு, கொப்புளம்" என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே வந்தவருக்கு 36 வயது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் 11 வருடமாக உப்பு வாரும் வேலை. இடது கையை ஈரத் துண்டால் சுற்றியிருந்தார். வலது கையில் ஐந்து வயது மகனைப் பிடித்திருந்தார்.

"வருசா வருசம் வாரதுதான் டாக்டரம்மா. ஆனா இப்படி எரிஞ்சது கிடையாது," என்றார். துண்டை அவிழ்க்கும் முன்பே வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டார். பையனின் புஜத்தில் கறுத்த தடங்கள் இருந்ததைப் பார்த்த அங்கன்வாடி டீச்சர், முந்தின நாள் "இவனுக்கு யாருக்கா சூடு வச்சது?" என்று கேட்டிருக்கிறார். கைக்காக மட்டும் என்றால் இவர் வந்திருக்கமாட்டார். அந்த எரிச்சலோடு இன்னும் ஒரு வாரம் வேலைக்குப் போயிருப்பார். டீச்சரின் கேள்விதான் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது.

அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் அபூர்வமானது இல்லை. ஆனால் ஒரே கையில் இரண்டு வெவ்வேறு வெயில் நோய்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று அவர் உடம்பாக வரவழைத்துக்கொண்டது. மற்றது, அதைக் குணப்படுத்த வீட்டில் செய்த இயற்கை வைத்தியத்தால் வந்தது. வெயில் ஒவ்வாமை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலரிடம் இந்தக் கலப்பைப் பார்க்கிறேன். அதனால் முழுதாக எழுதுகிறேன்.

கையில் இருந்தது

முன்கையின் வெளிப்பக்கம் முழுக்க, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே வரை, குண்டூசித் தலை அளவில் பருக்கள். ஒன்றோடு ஒன்று நெருங்கி, தடவினால் சொரசொரவென்று இருந்தன. நகத்தால் கீறிய தடங்கள் இருந்தன. மேலே போகப் போக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் பருக்கள் சட்டென்று நின்றுவிட்டன. அதற்கு மேலே சுத்தமான தோல். அந்தக் கோடு எதனால் என்று கேட்டேன். உப்பளத்தில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த கைப்பகுதி தோலை உரசி அறுக்கும் என்பதால் இவர் அதை மடித்துவிட்டுக்கொள்வார். மடிப்பு நிற்கும் இடம்தான் அந்தக் கோடு. மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் கிடந்த அகலத்துக்கு ஒரு பட்டையும் சுத்தமாக இருந்தது.

கழுத்தில், சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கும் முக்கோணத்திலும் பிடரியிலும் அதே பருக்கள். தாலிக் கயிற்றுக்கு அடியில் மட்டும் ஒன்றும் இல்லை. முகத்தில் அநேகமாக எதுவும் இல்லை. வருடம் முழுக்க வெயில் படும் முகம் வெயிலுக்குப் பழகிவிட்டிருக்கும்; மாதக்கணக்கில் மூடிக் கிடந்து திடீரென்று திறக்கப்படும் இடங்கள்தான் முதலில் முரண்டு பிடிக்கும்.

இந்தப் பருக்களின் மேலேயே மூன்று ஒழுகல் தடங்கள் இருந்தன. மணிக்கட்டருகே அகலமாகத் தொடங்கி, முழங்கையை நோக்கி மெலிந்து ஓடியிருந்தன. கருஞ்சிவப்பு நிறம். இரண்டு இடத்தில் நீர் கோத்த கொப்புளம். அரிப்பு இல்லை, எரிச்சல் மட்டும். இந்தத் தடங்களும் சட்டை மடிப்புக் கோட்டில் வந்து நின்றுபோயின.

"கையில என்ன ஊத்துனீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். மைனி சொன்னபடி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய குளியல் பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து, வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலைக்குக் கிளம்பும் முன் இடது கையில் பூசியிருக்கிறார். பூசியதைக் கழுவவில்லை. கையைத் தூக்கிப் பிடித்துப் பூசியதால் சாறு முழங்கை வரை வழிந்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி எரிச்சல் எடுக்க ஆரம்பித்திருக்கிறது.

சாறு மடிப்புக்கு உள்ளேயும் வழிந்தது என்று அவரே சொன்னார். அங்கே தோல் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தது. ஆக, சாறு மட்டும் பட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. வெயில் மட்டும் பட்ட இடத்தில் அரிக்கும் பரு. இரண்டும் சேர்ந்து பட்ட இடத்தில் கொப்புளம். எந்த ஆய்வுக்கூடச் சோதனையும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

பிறகு பையனைத் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தேன். வலது புஜத்தின் வெளிப்பக்கத்தில் மூன்று நீளத் தடங்கள், உள்பக்கம் ஒரு சின்ன வட்டம். அம்மாவின் கையை வாங்கி மெதுவாக அதன் மேல் பொருத்தினேன். மூன்று விரலும் கட்டைவிரலும் அப்படியே பொருந்தின. வெள்ளிக்கிழமை எலுமிச்சை பிழிந்த கையோடு அவனைத் தூக்கி வெளியே விட்டிருக்கிறார். ஜட்டியோடு பகல் முழுக்க வாசலில் விளையாடியிருக்கிறான். அவனை யாரும் அடிக்கவில்லை, சூடு வைக்கவில்லை. டீச்சருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தாளில் நான்கு வரி எழுதித் தந்தேன். கேட்ட டீச்சர் மீது எனக்கு மரியாதைதான் வந்தது. குழந்தையின் உடம்பில் தடம் பார்த்தால் கேட்கத்தான் வேண்டும். மருத்துவர்களும் இதே தடத்தைப் பார்த்து அடிபட்ட காயம் என்று தவறாக எடுத்துக்கொண்ட நிகழ்வுகள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன.

அடுப்படிக் கேள்வி

அரிப்புப் பருக்களின் கதை ஆறு வருடத்துக் கதை. ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தையில் பாத்திகளைச் சரிசெய்து திரும்பத் தொடங்குவார்கள். தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அவருக்கு அரிப்பு வரும். வெயிலில் நிற்கும்போது வராது. சாயங்காலமோ ராத்திரியோ ஆரம்பிக்கும். வேலைக்குப் போகாமல் ஒரு வாரம், பத்து நாள் வீட்டில் இருந்தால் தழும்பில்லாமல் அடங்கும். போய்க்கொண்டே இருந்தாலும் பங்குனி கடைசியில் தானாகக் குறையும். சித்திரையில் இருக்காது. அக்கினி நட்சத்திரத்தில் சுத்தமாக இருக்காது.

"உடம்புச் சூடுதாம்மா. நுங்கு, பதநீ, மோர் எல்லாம் குடிச்சுப் பாத்துட்டேன்," என்றார்.

மழைக்காலத்தில் என்ன வேலை என்று கேட்டேன். ஒரு டீக்கடையில் வடை போடுகிறார், விறகடுப்பில், காலையிலிருந்து மத்தியானம் வரை. "அடுப்பு முன்னால நிக்கையில எப்பவாவது அரிச்சிருக்கா?" யோசித்துவிட்டு, "ஒரு நாளும் இல்லம்மா," என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. சூடுதான் காரணம் என்றால் அடுப்படியில் வந்திருக்கவேண்டும், கத்திரி வெயிலில் உச்சத்துக்குப் போயிருக்கவேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. இவர் தோல் வெயிலின் சூட்டோடு சண்டை போடவில்லை. வெயிலின் ஒளியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் புற ஊதாக் கதிரோடு சண்டை போடுகிறது. நுங்கும் மோரும் உப்பளத்தில் நிற்கிறவருக்கு வேறு காரணத்துக்காக அவசியம்தான். நீர் வற்றி மயங்கி விழாமல் காக்கும். இந்த அரிப்பை அவை தொடாது.

இந்த நோய்க்குப் பாலிமார்பஸ் லைட் எரப்ஷன் என்று பெயர். தமிழில் பல்வடிவ ஒளித் தடிப்பு என்று சொல்லலாம். ஆளுக்கு ஆள் பருவாகவோ, தடிப்பாகவோ, படையாகவோ வரும் என்பதால் அந்தப் பெயர். வெயிலால் வரும் இப்படியொரு படையை 1798-லேயே இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் வில்லன் விவரித்திருக்கிறார். இன்றைய பெயரை 1900-இல் டென்மார்க்கின் கார்ல் ராஷ் வைத்தார். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். வெயில் படும்போது தோலில் சில மூலக்கூறுகள் உருமாறும். மற்றவர்கள் தோலில் அதே வெயில் அங்குள்ள நோய் எதிர்ப்புச் செல்களையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். அதனால் உருமாறியதை உடம்பு கண்டுகொள்ளாது. இந்த நோய் உள்ளவர்களிடம் அந்த அடக்கம் போதுமான அளவு நடப்பதில்லை. உடம்பு தன் மூலக்கூறையே அந்நியன் என்று எண்ணித் தாக்குகிறது. அந்தத் தாக்குதல் திரள நேரம் ஆகும் என்பதால்தான் மத்தியான வெயிலுக்கு ராத்திரி அரிக்கிறது.

வெயில் தொடர்ந்து படப் பட, தோல் தடிக்கிறது, நிறமி கூடுகிறது, எதிர்ப்புச் செல்களும் பழகுகின்றன. சித்திரையில் அவருக்கு வராமல் போவதற்கு அதுதான் காரணம். மழைக்கால மூன்று மாத இடைவெளியில் அந்தப் பழக்கம் கலைந்துபோகும். தையில் மறுபடி முதலிலிருந்து. வடக்கு நாடுகளில் குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும்போது வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்த நோயை, வடகிழக்குப் பருவமழை முடிந்த உப்பளத்தில் அச்சுப் பிசகாமல் பார்த்தது எனக்கும் ஒரு பாடமாக இருந்தது.

வேறு எதுவாக இருக்கலாம்

ஒரு விஷயம் என்னைத் தடுமாற வைத்தது. வழக்கமாக வெயில் நோயில் தாடைக்கு அடியில் நிழல் விழும் பகுதி தப்பித்துவிடும். இவருக்கு அங்கேயும் சில பருக்கள் இருந்தன. கீழ்த்தாடை, கண் இமை, காதின் பின்புறம், முழங்கை மடிப்பு இவையெல்லாம் சேர்ந்து பாதிக்கப்பட்டால் காற்றில் பறந்துவரும் பொருளைச் சந்தேகிக்கவேண்டும். நம் நாட்டில் அதில் முதல் குற்றவாளி பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய அந்தச் செடியின் தூசு விவசாயிகளுக்கு உண்டாக்கும் படையை வெயில் ஒவ்வாமை என்று நினைத்து வருடக்கணக்கில் தவறாக வைத்தியம் செய்திருக்கிறார்கள். இவருடைய இமையும் மடிப்பும் காதின் பின்புறமும் சுத்தமாக இருந்தன. அப்புறம்தான் அவர் நிற்கும் தரை ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளை உப்பு. கதிர் மேலிருந்து வருவதோடு கீழிருந்தும் தெறித்து வருகிறது. அவருடைய தாடைக்கு அடியில் நிழலே இல்லை.

இந்த வயதுப் பெண்ணுக்கு வெயிலில் படை வந்தால் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலோடு மூட்டு, சிறுநீரகம் போன்றவற்றையும் தாக்கும் நோய்) இல்லை என்று உறுதிப்படுத்தாமல் அனுப்பக்கூடாது. மூட்டுவலி, வாய்ப்புண், காய்ச்சல், முடி கொட்டுதல், கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவச் சிவப்பு, எதுவும் இல்லை. இருந்தும் லூபஸைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை, ரத்த அணுக்கள், சிறுநீர் மூன்றும் எடுத்தேன். மூன்றும் சரியாக இருந்தன. லூபஸ் படை பத்து நாளில் தடயமில்லாமல் மறையாது, சித்திரையில் லீவு எடுத்துக்கொள்ளாது.

அவர் சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு கொண்டுவரச் சொன்னேன். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் இருந்தது. இந்தக் கேள்வியை ஒருபோதும் விடுவதில்லை. மழைக்காலக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, படர்தாமரைக்கான கிரிசியோஃபல்வின், மூட்டுவலிக்குத் தடவும் கீட்டோபுரோஃபென் ஜெல் என, தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் மருந்துகள் சாதாரணமாகப் புழங்குகின்றன. காரணம் மாத்திரையில் இருக்கும்போது கற்றாழை தடவிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. ஆனால் தானாக நிறுத்தவும் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் போய் மாற்றிக் கேட்கவேண்டும்.

பிடரியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பருக்களுக்கு நடுவே தோல் காகிதம்போல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரிந்தன. ஐந்து வருடமாக, அரிப்பு வந்ததும் மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கித் தடவியிருக்கிறார். கடுமையான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பு. மூன்று நாளில் கேட்டதால் அதன் மேல் நம்பிக்கை. டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளைக் கொடுக்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. இன்றும் அவை கவுன்டரில் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மெலிந்த தோலைத் திருப்பித் தர என்னிடம் மருந்து இல்லை. நிறுத்திவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும்.

குளியல் பொடிப் பொட்டலம்

இரண்டாம் முறை வந்தபோது பொட்டலத்தைக் கொண்டுவந்தார். கடைக்காரரிடம் கேட்டு, என்னென்ன சேர்ந்தது என்று மகளை விட்டு எழுதியும் வைத்திருந்தார். பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போக அரிசி. "தோல் வியாதின்னு சொன்னதும் கார்போக அரிசிய ரெண்டு பங்கு கூடப் போட்டாவ."

கார்போக அரிசியை நம் வைத்தியர்கள் வெண்புள்ளிக்குப் பயன்படுத்திவருவது இன்று நேற்று தொடங்கியது இல்லை. அதைப் பூசி வெயில் காட்டச் சொல்வார்கள். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் சோராலென் செல்லின் டி.என்.ஏ.-வோடு ஒட்டிக்கொண்டு அதைச் சேதப்படுத்தும். அந்தச் சேதத்தைத் தொடர்ந்து நிறமி பெருகும். வெண்புள்ளியில் நிறம் திரும்புவது அதனால்தான். நைல் நதிக்கரைச் செடி ஒன்றிலிருந்து எடுத்த இதே வகைப் பொருளை 1940-களில் எகிப்து மருத்துவர் எல் மோஃப்டி வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1970-களில் சோராலெனும் புற ஊதா விளக்கும் சேர்ந்த புவா சிகிச்சை உலகம் முழுக்கப் பரவியது. நம் வைத்தியர்கள் கண்டுகொண்டது சரிதான். அளவும் நேரமும் தெரிந்தவர் கையில் அது மருந்து. அதே பொருளைப் பூசிக்கொண்டு, கழுவாமல், நிழல் இல்லாத வெள்ளைத் தரையில் ஆறு மணி நேரம் நின்றால் கொப்புளம்தான் வரும்.

எலுமிச்சையிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. சாற்றைவிடத் தோலில் அதிகம். பிழியும்போது தோலின் எண்ணெய் விரலிடுக்கில் இறங்கிவிடும். சாறோ இலையோ தோலில் பட்டு, அதன் மேல் வெயில் பட்டு, ஒரு நாள் கழித்து எரிச்சலாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், கறுத்துவிடும் இந்த நோய்க்குத் தாவர ஒளி அழற்சி என்று பெயர். ஒவ்வாமை உள்ளவருக்குத்தான் வரும் என்றில்லை. யார் தோலிலும் வரும். பையனுக்கு எந்த ஒவ்வாமையும் கிடையாது. குழந்தைகளுக்காக வீட்டில் வைத்திருக்கும் அருவதா இலையும் இந்த வகைதான்; அதைத் தொட்ட கையோடு பிள்ளையை வெயிலில் விடக்கூடாது.

நலங்கு மாவைப் பழிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பாட்டிமார் அதைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். வெயிலுக்குப் போகும் முன் பூசிக் காயவிட்டு, சாற்றோடு சுமந்துகொண்டு திரியவில்லை. இன்று செல்போனில் ஓடும் அழகுக் குறிப்புகள் அந்தக் கழுவலைத் தூக்கியெறிந்துவிட்டு எலுமிச்சையைச் சேர்த்துவிட்டன. மைனியும் அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் சொன்னாராம்.

முதல் இரண்டு வாரம்

முதல் வேலை, பொட்டலத்தையும் எலுமிச்சையையும் நிறுத்தியது. கொப்புளத்தை உடைக்கவேண்டாம் என்றேன். சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை, பத்துப் பதினைந்து நிமிடம் போடச் சொன்னேன். ஐஸ் கட்டியை நேராக வைக்கக்கூடாது. முன்கைக்கு மட்டும் மிதமான ஸ்டீராய்டு களிம்பு ஏழு நாள். ஏற்கெனவே மெலிந்துபோன பிடரிக்கு அது வேண்டாம், வெறும் ஈரப்பதக் களிம்பு. ராத்திரி தூங்குவதற்கு ஒரு அரிப்பு மாத்திரை. பத்து நாள் கை வெயில் பார்க்கக்கூடாது. தினக்கூலி வாங்குகிறவரிடம் இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. முதல் ஐந்து நாள் வீட்டில் இருந்தார். ஆறாம் நாள் உப்பு மூட்டை தைக்கும் கொட்டகையில் நிழல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

கற்றாழை தடவலாமா என்று கேட்டார். கொப்புளம் ஆறி, தோல் மூடின பிறகு தடவலாம். மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பால் தோலை எரிக்கும். மடலைக் கொஞ்ச நேரம் சாய்த்து நிறுத்தி அதை வடியவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சதையைக் கழுவித்தான் எடுக்கவேண்டும். குளிர்ச்சி தரும், இறுக்கம் குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. தேங்காயெண்ணெயும் அப்படியே, காய்ந்த தோலுக்கு நல்லது, வெயிலைத் தடுக்கும் என்று நம்பித் தடவிக்கொண்டு போகக்கூடாது. சந்தனம் சிலருக்குக் குளிர்ச்சி, சிலருக்கு அதுவே வெயிலோடு சேர்ந்து ஒவ்வாமை. கறுத்த தடத்தை வெளுக்க எதையும் பூசாதீர்கள், நான்கைந்து மாதத்தில் தானாக மங்கும் என்றேன். பையனுக்கு மருந்தே எழுதவில்லை. சட்டை போட்டு அனுப்பச் சொன்னேன்.

வெயிலோடு வேலை

கொப்புளம் ஆறுவது எளிது. அடுத்த தையில் பருக்கள் வராமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. "பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் போகாதீர்கள்" என்று அச்சடித்த தாளை உப்பளத் தொழிலாளியிடம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அவர் கையில் இருக்கும் வழிகளைத்தான் தேடவேண்டியிருந்தது.

துணியில் தொடங்கினோம். மெல்லிய வெள்ளைப் பருத்தி கதிரை நிறைய உள்ளே விடும், நனைந்தால் இன்னும் அதிகமாக விடும். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிப் பொட்டாக ஒளி தெரியக்கூடாது. நான் முதலில் சொன்னது முழுக்கைச் சட்டையை இறக்கி விடுங்கள் என்று, அது தோற்றது. உப்புத் தண்ணீர் ஏறி, இரண்டே நாளில் மணிக்கட்டு புண்ணானது. வழியை அவரே கண்டுபிடித்தார். மூத்த மகனின் பழைய கருநீலப் பள்ளிப் பேன்ட்டை வெட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை வரும் உறை மாதிரி, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து இரண்டு ஜோடி தைத்துக்கொண்டார். நனைந்ததும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, காய்ந்த ஜோடியை மாட்டிக்கொள்வார். கழுத்துப் பொத்தானைப் போட முடியாத புழுக்கத்துக்கு, அதே துணியில் ஒரு முக்கோணத் துண்டு. தலைக்கு அகல விளிம்புப் பனையோலைத் தொப்பி, அதற்கு அடியில் பிடரி மறைய விழும் துண்டு. பனையோலை முடைகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை.

கீழிருந்து தெறிக்கும் கதிரைத் தொப்பி தடுக்காது. தாடைக்கு அடியிலும் முகத்திலும் மட்டும் துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் கொடுத்தேன். டப்பாவில் எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அது தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் பி வகைப் புற ஊதாக் கதிருக்கான அளவு. இந்த நோயைத் தூண்டுவதில் ஏ வகைக்குப் பெரிய பங்கு இருப்பதால் பி.ஏ. என்பதன் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்றும் பார்க்கவேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசவேண்டும், வியர்த்தால் இரண்டு மணிக்கொரு தடவை திரும்பப் பூசவேண்டும். உடம்பு முழுக்க அப்படிப் பூசினால் ஒரு ட்யூப் சில நாளில் தீர்ந்துபோகும். அவர் கூலிக்கு அது கட்டாது. துணி மறைக்காத இடத்துக்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம்.

நேரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னேன். தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்வரை கதிர் கடுமையாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் தென் தமிழகத்தில் நடுப்பகல் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சகஜம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அதுதான் கடைசிப் படி. நிழல் குட்டையானதும் வாருவதை விட்டு மூட்டை தைக்கும் வேலைக்கு மாறலாமா என்று அவர் கங்காணியிடம் கேட்டார். எப்போதும் கிடைக்கவில்லை. சில நாள் கிடைத்தது. உப்பளங்களில் பாத்திக்குப் பக்கத்திலேயே நிழற்கொட்டகையும் நல்ல தண்ணீரும் இருந்தால் என் ஓ.பி. வரிசை குட்டையாகும். இதை மருத்துவக் குறிப்பாகவே எழுதுகிறேன்.

கடைசியாக, தோலைப் பழக்குவது. மழை ஓய்ந்து, வேலை தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, காலை எட்டரை மணி வெயிலில் முன்கைகளை ஐந்து நிமிடம் காட்டவேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டவேண்டும். அரிப்பு வந்தால் நிறுத்திவிட்டு என்னிடம் வரவேண்டும். பெரிய மருத்துவமனைகளில் புற ஊதா விளக்கின் அடியில் நிறுத்தி இதையே அளந்து செய்வார்கள். லூபஸ் இல்லை, மருந்து இல்லை, தாவரச் சாறு இல்லை என்று உறுதியான பிறகுதான் இதைச் சொன்னேன். காரணம் தெரியாத வெயில் படையோடு யாரும் வீட்டில் தானாக முயற்சி செய்யக்கூடாது. மத்திய அமெரிக்கப் பெரணிச் செடி ஒன்றின் சாறு மாத்திரையாகக் கிடைக்கிறது. சிறிய ஆய்வுகளில் இந்த நோய்க்கு ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. விலையைப் பார்த்து இவருக்கு நான் எழுதவில்லை.

அடுத்த தை

ஆறாவது வாரத்தில் கொப்புளம் இருந்த இடம் பழுப்புத் தடமாக இருந்தது. ஆடியில் பார்த்தபோது தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. பையனின் விரல் தடங்கள் அதற்கு முன்பே போய்விட்டன. பிடரியின் சிவப்பு நூல்கள் அப்படியே இருக்கின்றன.

மார்கழிக் கடைசியில் கை காட்ட ஆரம்பித்தார். தையில் வேலை தொடங்கி மூன்றாவது வாரம் வரச் சொல்லியிருந்தேன், வந்தார். உறையைக் கழற்றிக் காட்டினார். முன்கை சுத்தம். கழுத்து முக்கோணத்தில் ஏழெட்டுப் பருக்கள். புழுக்கம் தாங்காமல் இரண்டு நாள் துணியை எடுத்துவிட்டதாகச் சொன்னார். வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போடவில்லை, ட்யூப் வாங்கவில்லை.

அன்று அவரோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தார், அதே உப்பளம். முன்கையில் அதே பருக்கள், அதே சட்டை மடிப்புக் கோடு. நான் பேனாவை எடுப்பதற்குள் இவர் அவளிடம் திரும்பி, "ஏட்டி, மழைக்கு அடுப்படியில நிக்கையில உனக்கு அரிச்சுதா, சொல்லு," என்று கேட்டார்.